கிண்டிக்கு முன்னாடி கவர்னர் எங்க குடியிருந்தாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பல்லாவரம்_பையன்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைய கொடையுற டவுட்டு ஒண்ணு. நான் டெய்லி சர்தார் படேல் ரோட்ல பஸ்ல போறவன், காந்தி மண்டபம் பாம்புப் பண்ணை எல்லாம் தாண்டினா கவர்னர் மாளிகை கேட்டு வரும், வெளியிலேருந்து பாத்தா மரத்த தவிர ஒண்ணும் தெரியாது, அதிர்ஷ்டம் இருந்தா வேலியோரமா ஒரு மான் நின்னு நம்மள மொறச்சு பாக்கும். நெட்ல தேடினா 1670கள்லயே கட்டின வீடுன்னு போட்டிருக்கான். ஆனா எங்க பெரியப்பா, செகரட்டேரியட்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, "டேய் அது லீவுக்கு போற தோட்ட வீடுடா, நெஜ கவர்னர் பங்களா மவுண்ட் ரோட்ல இருந்துச்சு, இடிச்சுட்டாங்க"ங்குறாரு. இதுல ஊட்டியில வேற ஒண்ணு இருக்கு. ஒரு ஆளுக்கு எத்தன வீடுப்பா? எதுக்கு அத்தன? மத்த ஸ்டேட்லயும் இதே கதைதானா? உள்ள போயி சுத்திப் பாக்க வழி இருக்கா? அரசியல் சண்ட வேணாம், இப்ப இருக்குற கவர்னர் யாரு நல்லவரு யாரு கெட்டவருன்னு ஆரம்பிச்சுடாதீங்க, வீட்ட பத்தி மட்டும் பேசுவோம்.

மவுண்ட்ரோடு_வாசி:
பெரியப்பா சொல்றது சரிதான் தம்பி. கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க.

ஆரம்பத்துல கவர்னர் இருந்தது கோட்டைக்குள்ள, இப்ப சட்டசபை நடக்குதே அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டை. உள்ள நெரிசல், புழுக்கம், அதனால காத்தாட இருக்க வெளிய ஒரு தோட்ட வீடு வச்சிருந்தாங்க. 1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸ புடிச்சு 1749 வரைக்கும் வச்சிருந்தான்ல, அந்த நேரத்துல அந்த தோட்ட வீடு காலி. ஊரு திரும்ப கைக்கு வந்ததும் தாமஸ் சாண்டர்ஸ்னு ஒரு கவர்னர், அவருக்கு வீடு தேடினாங்க. சேப்பாக்கத்துக்கு மேக்கால கூவத்த ஒட்டி அந்தோனியா டி மதெய்ரோஸ்னு ஒரு போர்த்துகீசிய வம்சத்து அம்மாவோட தோட்ட பங்களா இருந்துச்சு. 1753ல 3,500 வராகன் குடுத்து கம்பெனி அத வாங்கிருச்சு. உங்க பெரியப்பா சொல்ற மவுண்ட் ரோடு கவர்மென்ட் ஹவுஸ் அதுதான்.

வாங்கி நிம்மதியா இருந்தாங்களான்னா இல்ல. 1758 கடைசியில லாலி படையோட வந்து முற்றுகை போட்டான், பிரெஞ்சுக்காரங்க அந்த வீட்டுலயும் பூந்து நாசம் பண்ணிட்டாங்க. பதிலுக்கு 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரிய புடிச்சப்ப சும்மா விட்டானா, ஊரையே தரமட்டமாக்கினான், டூப்ளே கட்டின கவர்னர் மாளிகையும் அதோட போச்சு. இன்னைக்கு பாரதி பூங்காவுக்கு எதிர்ல இருக்குற ராஜ் நிவாஸ் அதுக்கு அப்புறம் லா டி லோரிஸ்டன் காலத்துல எழும்பினது. அந்த காலத்துல சண்டன்னு வந்தா ரெண்டு பேருமே எதிராளி கவர்னர் வீட்டு மேலதான் மொதல்ல கைய வச்சிருக்கான்.

அப்புறம் 1798ல எட்வர்ட் கிளைவ் வந்தாரு, பிளாசி கிளைவோட புள்ள. மறு வருஷம் மே மாசம் சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் செத்ததும் இவங்களுக்கு தலகால் புரியல. வீட்ட பெருசாக்கி, பக்கத்துலயே விருந்துக்குன்னு தனியா ஒரு ஹாலு. இதுக்கு பிளான் போட்டு கட்டினது யாருன்னு பாருங்க, ஜான் கோல்டிங்ஹாம், நுங்கம்பாக்கம் அப்சர்வேட்டரியில நட்சத்திரம் எண்ணிட்டு இருந்தவரு! வானத்த பாத்தவர புடிச்சு கொத்தனார் வேலைக்கு விட்டாங்கன்னு கிண்டல் பண்ணலாம், ஆனா அந்தாளு கட்டின ஹால் 1802ல தொறந்தது இன்னும் நிக்குது. முகப்புல ஒரு பக்கம் பிளாசி வெற்றிக்கு, இன்னொரு பக்கம் சீரங்கப்பட்டணம் வெற்றிக்குன்னு சின்னம் வச்சான். நம்மாளுங்க 1948ல அதுக்கு ராஜாஜி ஹால்னு பேரு வச்சு கணக்க நேர் பண்ணிட்டாங்க.

இப்ப கிண்டி. 1672லேருந்து 1678 வரைக்கும் கவர்னரா இருந்த வில்லியம் லாங்ஹார்ன்தான் அங்க காட்ட கொஞ்சம் திருத்தி தோட்டமும் லாட்ஜும் போட்டது. போறப்ப வித்துட்டு போயிட்டாரு. கை மாறி கை மாறி கடைசியில சுத்தியிருந்த காட்ட கில்பர்ட் ரோட்ரிக்ஸ்ங்குறவர் கிட்டேருந்து 1821ல 35,000 ரூபாய்க்கு சர்க்காரு வாங்குச்சு, அப்ப கவர்னர் தாமஸ் மன்றோ, தீவுத்திடல் பக்கத்துல குதிர மேல உக்காந்திருக்காரே அவரேதான். நெட்ல 1670ன்னு போட்டது தப்பில்ல, ஆனா அந்த தேதிய வச்சு முன்னூத்தி அம்பது வருஷமா கவர்னர் அங்கதான் குடியிருந்தாருன்னு நெனச்சா கத மாறிடும். மவுண்ட் ரோட்ல ஆபீஸும் விருந்தும், கிண்டியில ஓய்வு, சித்திர வெயிலுக்கு ஊட்டி. நிரந்தரமா கிண்டிக்கே போனது சுதந்திரத்துக்கு அப்புறம்தான்.

சும்மா_வந்தேன்:
எனக்கு வாடக வீட்டுல மோட்டார் போட மணி கேட்டுத்தான் போடணும், இவங்களுக்கு மூணு பங்களா. நடத்துங்க 😭

பல்லாவரம்_பையன்:
@மவுண்ட்ரோடு_வாசி அண்ணே செம, இவ்வளவு எதிர்பாக்கல. அப்ப ராஜாஜி ஹால் மட்டும் நிக்குது, அத ஒட்டி இருந்த வீடு மட்டும் எப்படி போச்சு? ரெண்டும் ஒரே காம்பவுண்டு, ஒரே வயசுதானே?

மவுண்ட்ரோடு_வாசி:
வீடு ஹால விட வயசானது. கவர்னர் கிண்டிக்கு போனதும் அந்த எஸ்டேட்ட எம்.எல்.ஏ ஹாஸ்டல், அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ்னு பிச்சு பிச்சு குடுத்தாங்க. பெரிய ஹாலுக்கு தடுப்பு போட்டு ரூமாக்கறது, வராண்டாவ அடைக்கறது, பீரோவ அடுக்கறது, நம்ம ஆபீஸுங்க ஒரு கட்டடத்துக்குள்ள பூந்தா என்ன ஆகும்னு தெரியாதா. அது பழைய கவர்னர் வீடுன்னே ஜனங்களுக்கு மறந்து போச்சு. புது சட்டசபை வளாகம் கட்ட முடிவு பண்ணப்ப இடிச்சுட்டாங்க, ஹெரிடேஜ் ஆளுங்க கத்தினது எடுபடல. 2010 மார்ச்ல பிரதமர் மன்மோகன் சிங் வந்து தொறந்தாரு, மறு வருஷம் ஆட்சி மாறுச்சு, 2014ல அதுவே பன்னோக்கு மருத்துவமனை. ஆஸ்பத்திரிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஏழ ஜனங்களுக்கு நல்லா உதவுது. ஆனா ரெண்டரை நூற்றாண்டு வீட்ட எடுத்து கட்டின சட்டசபை எத்தன நாள் சட்டசபையா இருந்துச்சுன்னு யோசிச்சா வயிறு எரியும்.

ஹால் தப்பிச்சதுக்கு காரணம் ஒண்ணுதான்னு நான் சொல்வேன், அதுக்கு எப்பவும் ஒரு வேல இருந்துச்சு. மெட்ராஸ் யூனிவர்சிட்டி பட்டமளிப்பு ஆரம்பத்துல அங்க நடந்துச்சு, 1938, 39ல சட்டசபையே அங்கதான் கூடுச்சு, அப்புறம் பெரிய தலைவர் யாரு செத்தாலும் உடம்ப அங்கதான் வைக்கணும்னு ஆயிருச்சு. அண்ணா, பெரியார், காமராஜர், 1987ல எம்.ஜி.ஆர், 2016ல ஜெயலலிதா, 2018ல கலைஞர். எம்.ஜி.ஆர் தலமாட்டுல ஜெயலலிதா ரெண்டு நாளு நின்னது இந்த ஹாலோட படிக்கட்டுக்கு மேலதான், இருபத்தொம்பது வருஷம் கழிச்சு அந்தம்மாவையும் அதே படியில கெடத்தினாங்க. கிளைவ் புள்ள டான்ஸ் ஆட கட்டின எடம்.

சுண்ணாம்பு_காளவாய்:
மவுண்ட்ரோடு வாசி ஐயா நல்லா சொன்னாரு, கட்டட வேல பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன். முப்பது வருஷத்துக்கு மேல பழைய கட்டட ரிப்பேர் காண்ட்ராக்ட் எடுத்தவன், எங்கப்பாவும் அதே தொழில்.

இந்த மாதிரி மாளிகை தூண எல்லாம் பாத்துட்டு மார்பிள்னு சொல்லுவாங்க, உள்ள வெறும் செங்கல்தான். மேல மெட்ராஸ் சுண்ணாம்பு பூச்சு. கிளிஞ்சல சுட்டு, நீத்து, நல்லா ஊறவிட்டு, மணலோட சேத்து செக்குல அரைக்கணும், கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியதான் ஊத்துவாங்க. ஒரு பூச்சு, ரெண்டு பூச்சு, கடைசி பூச்சுக்கு சுண்ணாம்ப வெண்ண மாதிரி அரைச்சு முட்ட வெள்ளக்கருவும் தயிரும் கலந்து, பூசினதுக்கு அப்புறம் வழவழன்னு ஒரு கல்ல வச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்கணும், வேர்வ துணியால ஒத்திக்கிட்டே தேய்ப்பாங்க, நிறுத்தினா மெருகு வராது. ஒழுங்கா பண்ணா முகம் தெரியும். வந்த வெள்ளக்காரன் எல்லாம் மெட்ராஸ்ல எல்லா வீடும் சலவக்கல்லுன்னு ஏமாந்தது இதுலதான்.

மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அது மேல சின்ன சைஸ் செங்கல்ல நெட்டுக்குத்தா கோணமா அடுக்கி சுண்ணாம்பு கலவ, அதுக்கு மேல செங்கல் ஜல்லி கொட்டி பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிப்பாங்க, பாட்டு பாடிக்கிட்டே நாள் கணக்கா அடிப்பாங்க. இப்ப அந்த செட்டு எங்க கெடைக்கும்?

பிரச்சன என்னன்னா சுண்ணாம்பு சுவரு மூச்சு விடும். ஈரம் உள்ள போகும் வெளிய வரும். ரிப்பேருன்னு சொல்லி அது மேல சிமெண்ட அப்புனா ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து செங்கல் மாவா உதிரும். அப்புறம் ஒரு எஞ்சினியர் வந்து விரலால நோண்டி பாத்துட்டு கட்டடம் ஸ்ட்ராங்கா இல்லன்னு எழுதிட்டு போவாரு. ஒரு பழைய பங்களாவுல நானே இத கண்ணால பாத்திருக்கேன், எங்கன்னு கேக்காதீங்க, சிமெண்ட் வேணாம்னு சொன்னதுக்கு எஸ்டிமேட்ல சுண்ணாம்புக்கு ரேட்டே இல்லன்னாங்க. வயசானதால விழுந்த பழைய கட்டடம் கொஞ்சம், வைத்தியம் தெரியாதவன் கைப்பட்டு விழுந்ததுதான் ஜாஸ்தி.

லவ்டேல்_லதா:
ஊட்டி ராஜ்பவன் பத்தி யாரும் சொல்லலையே. (இப்ப லோக் பவன்னு பேரு மாத்திட்டாங்க, நாங்க இன்னும் ராஜ்பவன்னுதான் சொல்றோம்.) பொட்டானிக்கல் கார்டன் போனவங்க மேல பாத்திருப்பீங்க, புல்வெளி தாண்டி மரத்துக்கு நடுவுல வெள்ளையா தெரியும், கிட்ட போனா போலீஸ் நிறுத்திடுவாங்க.

ஊட்டிய மொதல்ல வீடு கட்டி பிரபலம் பண்ணது கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், அவரோட ஸ்டோன் ஹவுஸ் இப்ப கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல இருக்கு. கவர்னருங்க அப்பப்ப மேல வந்து கெடச்ச பங்களாவுல தங்கிட்டு போவாங்க. தனக்குன்னு ஒண்ணு வேணும்னு 1877 வாக்குல ஆரம்பிச்சு கட்டினது பக்கிங்ஹாம் பிரபு, ஆமா கால்வாய்க்கு பேரு வச்சாங்களே அவரேதான். அவரோட குடும்ப கத ஒரு தனி சீரியல். அப்பன்காரன் கடன்ல முழுகி 1848ல இங்கிலாந்துல இருந்த ஸ்டோவ் மாளிகை சாமான் பூரா ஏலம் போச்சு. புள்ள இங்க வந்து மலமேல கட்டின வீட்டுல அந்த ஸ்டோவ் சாயல் இருக்குன்னு சொல்லுவாங்க. பால்ரூம் பின்னாடி வந்த ஹாவ்லாக் காலத்துல சேத்தது.

வெயில் வந்தா கவர்னர் மட்டும் வரல, மொத்த கவர்மென்டே ஃபைலு பெட்டி, குமாஸ்தா, சமையக்காரன் சகிதம் மல ஏறும். ரயிலு குன்னூருக்கே 1899லதான் வந்துச்சு, ஊட்டிக்கு 1908ல. அதுக்கு முன்னாடி அத்தன பெட்டியும் மாட்டு வண்டியிலயும் ஆளு தலையிலயும்தான். எங்க தாத்தாவோட அப்பா இந்த சீசன நம்பியே மேட்டுப்பாளையத்துலேருந்து மேல வந்து கடை போட்டவரு, கவர்னர் கீழ எறங்கிட்டா ஊரே வெறிச்சுன்னு ஆயிடுமாம்.

தாதுவருசம்:
லதா அக்கா நல்லா எழுதியிருக்கீங்க ஆனா ஒரு தேதிய கவனிக்காம போயிட்டீங்க. 1877. தாது வருஷ பஞ்சம் 1876லேருந்து 78 வரைக்கும். கீழ சேலம், வடஆற்காடு, பெல்லாரி, கர்நூல்னு லட்சக்கணக்குல செத்துக்கிட்டு இருக்கான், நிவாரண வேலன்னு ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் குடுத்து மண்ணு வெட்ட விட்டான், மெட்ராஸுக்குள்ள அந்த கால்வாய வெட்டினதே பஞ்சத்துல வந்த ஜனம்தான். அதே வருஷத்துல மேல இவருக்கு மாளிகை. கால்வாய்க்கும் இவரு பேரு, மாளிகைக்கும் இவரு பேரு, வெட்டினவன் பேரு எங்கயாச்சும் இருக்கா?

மவுண்ட்ரோடு_வாசி:
@தாதுவருசம் கோவம் நியாயம்தான், தேதி நீங்க சொல்றதேதான். ஆனா அந்த ஒரு பவுண்டு கணக்கு பக்கிங்ஹாம் போட்டது இல்ல. கல்கத்தாவுலேருந்து வைஸ்ராய் லிட்டன் அனுப்புன ரிச்சர்ட் டெம்பிள்ங்குற ஆளு செலவ கொறைக்க கொண்டாந்தது அது. மெட்ராஸ் கவர்மென்டு அத எதுத்துச்சு, சானிட்டரி கமிஷனர் கார்னிஷ் இத தின்னுட்டு ஒரு ஆளு மண்ணு வெட்ட முடியாதுன்னு கணக்கு போட்டு காமிச்சாரு, பக்கிங்ஹாமும் அவரு பக்கம்தான் நின்னாரு, கடைசியில கூட்டவும் வச்சாங்க.

தாதுவருசம்:
சரி, கூலிய கூட்டச் சொன்னாரு, ஒத்துக்கறேன். மாளிகைய ரெண்டு வருஷம் தள்ளி போட்டிருக்கலாமே? அதுக்கு என்ன பதில்?

மவுண்ட்ரோடு_வாசி:
அதுக்கு என் கிட்ட பதில் இல்ல தம்பி.

லேக்மார்க்கெட்_மாமி:
நான் கல்யாணம் ஆனதுலேருந்து கல்கத்தாவுல இருக்கேன், எங்க ஊரு ராஜ்பவன சொல்லாம விட்டா எப்படி. பெருமைக்குன்னே வீடு கட்டினது எதுன்னா இதுதான், மெட்ராஸ்ல கிளைவ் கட்டினதெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு. அப்ப கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, 1799ல மெட்ராஸ்ல உக்காந்துதான் திப்பு மேல படைய அனுப்பினாரு, அதே வருஷம் கல்கத்தாவுல இந்த வேலைய ஆரம்பிச்சு 1803ல முடிச்சாரு. சார்லஸ் வ்யாட் போட்ட பிளான், டெர்பிஷயர்ல இருக்குற கெடில்ஸ்டன் ஹால்னு ஒரு அரண்மனைய பாத்து போட்டது. அங்க நாலு மூலைக்கும் நாலு கட்டடம் வரணும்னு பிளான் போட்டு ரெண்டோட நிறுத்திட்டா, இங்க நாலையும் கட்டினா, எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் ஏதாவது ஒரு மூலையில வீசும். செலவ பாத்து லண்டன்ல கம்பெனி டைரக்டர்களுக்கு தல சுத்தி போச்சு, இது மாதிரி பல கோவம் சேந்து 1805ல மனுஷன திருப்பி கூப்ட்டுண்டா.

வேடிக்க என்னன்னா அந்த கெடில்ஸ்டன் கர்சனோட பூர்வீக வீடு. நூறு வருஷம் கழிச்சு அவரு வைஸ்ராயா வந்து தன் வீட்டு காப்பியிலயே குடியிருந்தாரு, லிஃப்டும் கரண்ட்டும் போட்டது அவருதான். இவ்வளவு பெரிய மாளிகையில அடுக்களைய மட்டும் வெளிய எங்கயோ வச்சிருந்தா, சாப்பாட்ட தெருவழியா தூக்கிண்டு வரணும். ஆறின சோறு தின்ன வைஸ்ராய்னு எங்காத்துல கிண்டல் பண்ணுவோம்.

தலைநகரம் டில்லிக்கு போனதும் அது வங்காள கவர்னர் வீடாச்சு. சுதந்திரத்தன்னிக்கு மேற்கு வங்காளத்துக்கு மொத கவர்னரா உள்ள வந்தது யாரு? நம்ம ராஜாஜி! அன்னிக்கு ஊர்ஜனம் அத்தனையும் கேட்ட தாண்டி உள்ள பூந்துடுத்து, ஹால், படி, ரூம் எல்லாம் ஒரே தலையா, நூத்தம்பது வருஷமா வெளியில நின்னு பாத்த வீடு இல்லையா. எங்க மாமனாரோட சிநேகிதர் ஒருத்தர் அந்த கூட்டத்துல போயிட்டு வந்தவர், வெல்வெட் நாற்காலியில உக்காந்துட்டு வந்தேன்னு சாகற வரைக்கும் சொல்லிண்டு இருந்தார்.

மாட்டுங்கா_மாப்ள:
பம்பாய் கதைய நான் சொல்றேன். அங்க கவர்னர வீட்ட விட்டு வெரட்டினது எதிரி படை இல்ல, காலரா. மொதல்ல கவர்மென்ட் ஹவுஸ் பரேல்ல இருந்துச்சு. சுத்தி மில்லு, பொக, கூட்டம்னு ஆயிட்டு இருந்த நேரம், 1882ல கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசனோட சம்சாரம் காலராவுல எறந்துட்டாங்க. அடுத்த சில வருஷத்துல மலபார் பாயின்டுக்கு, கடல் ஓரத்துல இருந்த பங்களாவுக்கு ஜாகைய மாத்திட்டாங்க. பரேல் வீடு என்னாச்சு தெரியுமா, 1899ல ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசி லேப அங்க கொண்டு போனாரு, இன்னைக்கும் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் அதுலதான் ஓடுது. சீக்குக்கு பயந்து காலி பண்ண வீட்டுல சீக்குக்கே ஊசி தயார் பண்ணாங்க. மவுண்ட்ரோடு சார் சொன்னாரே கட்டடத்துக்கு வேல இருந்தா பொழைக்கும்னு, இத விட வேற என்ன சாட்சி வேணும்.

மலபார் பாயின்ட்ல இன்னொரு கூத்து. 2016 ஆகஸ்ட்ல மாளிகைக்கு அடியில ஒரு பங்கர கண்டுபுடிச்சாங்க, பல வருஷமா சுவரு வச்சு அடைச்சு கெடந்துச்சு, ஒடைச்சு உள்ள போனா 13 ரூமு, குண்டு வைக்கிற கிடங்கு, தண்ணி போக வாய்க்கா எல்லாம் பக்காவா இருக்கு. இப்ப அது மியூசியம். அப்ப அங்க கவர்னர் வித்யாசாகர் ராவ். பேர எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? அடுத்த மாசமே தமிழ்நாட்டுக்கும் கூடுதல் பொறுப்பு அவருதான், ஜெயலலிதா எறந்த ராத்திரி ஒரு மணிக்கு மேல கிண்டியில ஓ.பி.எஸ்ஸுக்கு பதவிப்பிரமாணம் பண்ணி வச்சதும், அப்புறம் 2017 பிப்ரவரியில கிண்டி கேட்டு முன்னாடி டிவி வண்டியெல்லாம் காத்து கெடந்ததும் இவரு காலத்துலதான்.

சும்மா_வந்தேன்:
அப்ப கிண்டிக்கு அடியிலயும் கோட்டைக்கு சுரங்கம் இருக்குன்னு எங்க ஏரியா ஆளுங்க சொல்றது?

சுண்ணாம்பு_காளவாய்:
எந்த ஊருல பழைய கட்டடம் இருக்கோ அந்த ஊருல சுரங்க கதையும் இருக்கும் தம்பி. கிண்டியிலேருந்து கோட்டைக்கு நடுவுல அடையாறும் கூவமும் ஓடுது, ரெண்டு ஆத்துக்கு அடியிலயும் அந்த காலத்துல எவன் தோண்டினான், தோண்டினா தண்ணிய யாரு எறைச்சா? மெட்ரோக்காரன் மெஷின வச்சு தோண்டவே நாக்கு தள்ளிருச்சு.

வெளிமான்:
எல்லாரும் வீட்டையே பேசுறீங்க, கிண்டியில முக்கியமானது வீட்ட சுத்தி இருந்த காடு. 505 ஹெக்டேர், அதாவது ஏறக்கொறைய 1,250 ஏக்கர், 1910ல ரிசர்வ் ஃபாரஸ்ட்டுன்னு அறிவிச்சாங்க. சோழமண்டல கடற்கரையில இருந்த வறண்ட பசுமைமாறா காடுன்னு ஒரு வகை, அதுல மிச்சம் மீதி இருக்குற துண்டு இது. கவர்னர் தோட்டம்ங்குறதால வெளியாளு கோடாலி உள்ள போகல. சுதந்திரத்துக்கு அப்புறம்தான் ஒண்ணு ஒண்ணா வெட்டி குடுத்தாங்க, 1956ல காந்தி மண்டபம், 1959ல ஐ.ஐ.டி ஆரம்பிச்சப்ப அதுக்கு ஒரு பெரிய துண்டு, அப்புறம் ராஜாஜி, காமராஜர் நினைவிடம், சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. மிச்சத்த 1978ல தேசிய பூங்கான்னு அறிவிச்சாங்க, 2.7 சதுர கிலோமீட்டர்தான். கவர்னர் கையில இப்ப 156 ஏக்கர் சொச்சம்.

வெளிமான கொண்டாந்து விட்டது வில்லிங்டன் பிரபுன்னு சொல்லுவாங்க. அதுக்கு வெட்டவெளி புல்தரை வேணும், போலோ கிரவுண்டு மாதிரி திறந்த எடத்துலதான் மேயும். புள்ளிமான் புதர்லயும் பொழச்சுக்கும், அதனால ரோட்லேருந்து நீங்க பாக்குறது பெரும்பாலும் புள்ளிமான்தான். தயவு பண்ணி வேலி வழியா பிஸ்கட்டு, சிப்ஸ் கவரு எதுவும் போடாதீங்க, பிளாஸ்டிக்க தின்னுட்டு சாகுது.

பல்லாவரம்_பையன்:
அப்பா சாமி, ஒரு கேள்விக்கு இவ்வளவா, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ரெண்டே ரெண்டு. உள்ள போக முடியுமா? இத்தன வீட்டுக்கும் கரண்ட் பில்லு யாரு கட்டுறா?

மவுண்ட்ரோடு_வாசி:
கிண்டியில 2017 கடைசியிலேருந்து பொதுஜனத்த சுத்திக் காட்ட ஆரம்பிச்சாங்க, ஆன்லைன்ல பதிவு பண்ணி போகணும், நடுவுல கொரோனாவுல எல்லாம் நின்னுச்சு, இப்ப எந்த கெழமன்னு அவங்க சைட்ல பாத்துக்கங்க. நவராத்திரிக்கு கொலு வைக்கும்போது முன்கூட்டியே பேரு குடுத்தா விடுறாங்க, என் சம்சாரம் போயிட்டு வந்தா, ஆதார் கார்டு மறக்காதீங்க. பதவியேற்பு நடக்குற தர்பார் ஹாலுக்கு 2023ல ஜனாதிபதி முர்மு வந்து பாரதியார் மண்டபம்னு பேரு வச்சாங்க, அது உள்ளதான். ராஜாஜி ஹாலுக்கு மெட்ரோவுல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல எறங்கினா நடக்குற தூரம், ஹால் பூட்டியிருந்தாலும் படிக்கட்ட வெளியிலேருந்து பாக்கலாம். ஆஸ்பத்திரி கூட்டத்துல பைக்க நிறுத்த மட்டும் எடம் தேடாதீங்க.

பில்லு நம்மதுதான். அரசியல் சட்டம் 158ல கவர்னருக்கு வாடக இல்லாம வீடுன்னு இருக்கு. அவரு சம்பளம், ஆபீஸ் செலவு எல்லாம் மாநிலத்தோட தொகுப்பு நிதியில நேரா விழுற கணக்கு, சட்டசபையில அத பத்தி பேசலாம், ஓட்டெடுப்பு கெடையாது.

தாதுவருசம்:
பேசலாம் ஆனா ஓட்டு இல்ல. பக்கிங்ஹாம் இத பாத்திருந்தா ஊட்டியில இன்னொரு மாடி கட்டியிருப்பாரு.